இந்த வருஷமே பல் டாக்டரா, இன்னொரு வருஷம் நீட்டா?

ராத்திரி பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தம். திருவெறும்பூரில் எட்டு மணிக்கு சீரியல், ஒன்பதரைக்குத் தூக்கம் என்று இருப்பவள். பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"தம்பி, பாப்பாவுக்கு பி.டி.எஸ். வந்திருக்குடா. வெள்ளிக்கிழமைக்குள்ள சேந்துரணுமாம். சேக்கறதா, வேணாமா?"

பின்னால் அத்தான் குரல். "எம்.பி.பி.எஸ். கெடைக்காதவங்கதான் பல்லுக்குப் போவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னொரு வருஷம் படிக்கட்டுமே." அதற்கும் பின்னால் மொட்டைமாடிக் கதவைச் சாத்துகிற சத்தம். அது பாப்பா. பதினெட்டு வயசு. போனை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஐந்து வருஷப் படிப்பு, அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருஷத் தொழில். அத்தனையையும் மூன்று நாளில் முடிவு செய்யச் சொல்லி ஒரு ஒதுக்கீட்டு ஆணை பி.டி.எஃப்.பாக வந்து இறங்கியிருந்தது. கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான். யாரைக் கேட்டாலும் ஒரு கருத்து இருக்கும். பால்காரருக்குக்கூட இருக்கும். என்னிடமும் ஒன்று இருந்தது; அந்த மூன்று நாளில் அது பாதி மாறிப்போனது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கேட்காமல் வரும் சீட்டு

பல் மருத்துவத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்டால் நம்மூரில் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. அதற்கென்று தனியாக ஒரு நாள் இல்லை, தனிப் பரீட்சையும் இல்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீட். 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழியும். எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் அதே மார்க்தான். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பம் வாங்குகிறது. அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது. இந்தக் கடைசி வரியில்தான் ஆசையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

விளைவு என்ன? பெரும்பாலான பிள்ளைகள் பல் மருத்துவத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது எம்.பி.பி.எஸ். கல்லூரிகளை எல்லாம் வரிசையாகப் போட்டு முடித்துவிட்டு, "இதையும் போட்டு வைப்போம்" என்று கடைசியில் பி.டி.எஸ்.ஸைச் சேர்க்கிறார்கள். பந்தியில் பாயசம் தீர்ந்துபோய் மோர் வருவது மாதிரி அது வந்து சேர்கிறது. மோர் நல்லதுதான். ஆனால் பாயசம் எதிர்பார்த்து உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

இந்த இரண்டாம் இடம் இன்று நேற்று வந்ததில்லை. நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கொல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவில் அயோவாவில் படித்துவிட்டு வந்தவர். கல்லூரிக்குப் பணம் வேண்டும் என்று 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை நடத்தினார். ஐஸ்கிரீமும் இனிப்புச் சோடாவும் விற்ற காசில் பல் வைத்தியம் சொல்லிக்கொடுத்த மனிதர்! சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத்தான் ஆரம்பித்தது. பெரிய வீட்டின் திண்ணையில் தொடங்கிய தொழில் இது. சொந்த வீடு கட்டிக் குடிபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. நம் பேச்சில்தான் இன்னும் திண்ணையிலேயே இருக்கிறது.

அரசு இடங்கள் குறைவு என்பதும் உண்மை. சென்னை, சிதம்பரம், 2023-ல் திறந்த புதுக்கோட்டை என்று மாநிலத்தில் மூன்றே மூன்று அரசு பல் மருத்துவக் கல்லூரிகள். புதுக்கோட்டையில் வருஷத்துக்கு 50 பேர். மற்றதெல்லாம் சுயநிதி, நிகர்நிலை. ஒருபக்கம் அரசு இடத்துக்கு அடிதடி. மறுபக்கம் தனியார் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கு மேல் பி.டி.எஸ். இடங்கள் காலி. தகுதி மதிப்பெண்ணைப் பத்து பெர்சென்டைல் குறைத்துச் சேர்க்கச் சொல்லி 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆகவே "இந்த வருஷம் விட்டால் இனிமேல் பி.டி.எஸ். கிடைக்கவே கிடைக்காது" என்று யாராவது பயமுறுத்தினால், எந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிர்வாக ஒதுக்கீடு என்றால், அது அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

'இருபது மார்க்தானே!'

புதன்கிழமை காலை திருச்சி போய்ச் சேர்ந்தேன். அத்தானுடைய வாதம் ஒன்றே ஒன்று. "இருபது மார்க்ல போச்சு. ஒரு வருஷத்துல இருபது மார்க் ஏத்த முடியாதா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீட்டில் மார்க் என்பது ரேஷன் கடை எடைக்கல் மாதிரி நிலையான சமாச்சாரம் கிடையாது. 2024-ல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. அந்த வருஷம் 600 எடுத்தவருக்கு நாட்டில் எண்பதாயிரத்தை ஒட்டி ரேங்க். அடுத்த வருஷம் இயற்பியல் கேள்விகள் கண்ணில் விரல்விட்டு ஆட்டின. முதலிடமே 686. அறுநூற்றுக்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுவதும் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். அதே 600 ஒரு வருஷம் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தியது, மறு வருஷம் மேடையில் ஏற்றியது. அதனால் இருபது மார்க் ஏற்றுவது என்று கணக்குப் போடக் கூடாது. எத்தனை ஆயிரம் பேரைத் தாண்ட வேண்டும் என்று போட வேண்டும். தாண்டப்பட வேண்டியவர்களும் அந்த ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

யார் அவர்கள்? நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முதல் தடவையிலேயே வராமல் மறுபடி முயன்று வந்தவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம். நீட் வந்து சில வருஷங்களில், 2020-21-ல், 71.42 சதவீதம். அதாவது மருத்துவக் கல்லூரியின் முதல் வருஷ வகுப்பில் பத்தில் ஏழு பேர் ஒருமுறையாவது தோற்றுவிட்டு வந்தவர்கள்.

இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். கோச்சிங் சென்டர்காரர்கள் "பார்த்தீர்களா, ரிப்பீட்டருக்குத்தான் சீட்" என்று படிப்பார்கள். பாப்பா சேர்ந்திருந்த இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்ன கையோடு அடுத்த வருஷக் கட்டணத்துக்கு அட்வான்ஸும் கேட்டார்கள். இன்னொரு விதம், அந்த எழுபது சதவீதத்துக்குப் பின்னால் சீட் கிடைக்காமல் திரும்பிப் போன ரிப்பீட்டர்கள் எத்தனை பேர் என்று யோசிப்பது. அவர்கள் படம் எந்த ஃப்ளெக்ஸ் போர்டிலும் வருவதில்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ஒருவன் ராசிபுரம் பக்கம் ஹாஸ்டலில் ஒரு வருஷம் கிடந்து படித்து, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். அவனைக் கேட்டால் அந்த ஒரு வருஷம் தான் எடுத்த நல்ல முடிவு என்பான். இன்னொருவனுக்கு மூன்று தடவை. இரண்டாவதில் ஏறிய மார்க் மூன்றாவதில் இறங்கியது. கடைசியில் முதல் வருஷமே கிடைத்திருக்கக்கூடிய பி.டி.எஸ்.ஸில், அதே மாதிரி ஒரு கல்லூரியில், தன்னைவிட இரண்டு வயது சின்னவர்களோடு போய் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே தெரு. இருவரில் யாரைப் பார்த்து முடிவெடுப்பது?

மெழுகுப் பல்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. அங்கே முதலில் நாலு வருஷம் டிகிரி, அதன் மேல்தான் பல் மருத்துவக் கல்லூரி. பொது விண்ணப்பத்தை ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். டிசம்பர் மத்தியிலிருந்து இடம் தருவார்கள். வர வரப் பார்த்துக்கொண்டே போவார்கள் என்பதால் ஜூனில் அனுப்பினவருக்கும் அக்டோபரில் அனுப்பினவருக்கும் நிறைய வித்தியாசம். ஒரு வருஷம் தள்ளி விண்ணப்பிப்பதை அங்கே யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லை. எனக்குப் பொறாமையாக இருப்பது வேறொரு விஷயத்தில். விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு பல் டாக்டர் பக்கத்தில் பல மணி நேரம் நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தன் பல் வலிக்காகத் தவிர வேறு காரணத்துக்காக ஒரு டென்டல் கிளினிக் படியேறியிருப்பார்கள்?

அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெண் பி.டி.எஸ். முடித்துவிட்டு ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அறிவுரை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறக்கினாள்.

உள்ளே முதல் வருஷச் சாமான்கள். விரல் நீளத்துக்கு மெழுகுக் கட்டிகள். அதில் செதுக்கிய பற்கள், நிஜப் பல்லைவிடப் பெரிய அளவில், ஒவ்வொன்றின் அடியிலும் பால்பாயின்டில் ஒரு எண். மேல் முன்பல்லில் ஆரம்பித்துக் கடைவாய்ப் பல் வரை. "இது த்ரீ சிக்ஸ். கீழ்த்தாடை, இடதுபக்கம், மொத கடைவாய்ப் பல்லு. மேல அஞ்சு மேடு இருக்கு பாருங்க, எண்ணிப் பாருங்க. அஞ்சும் சரியா வரலேன்னா மேடம் அப்படியே ஒடச்சிப் போட்ருவாங்க." பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். நான் கிட்டத்தில் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தேன். உள்ளே நிஜப் பற்கள். மருந்துத் தண்ணீரில் முப்பது நாற்பது கிடக்கும். மஞ்சள், பழுப்பு, ஒன்றிரண்டில் பாதிக்கு மேல் சொத்தை.

"பிடுங்கின பல்லு, அங்கிள். ரெண்டாம் வருஷம் பிளாஸ்டர்ல பதிச்சு ட்ரில் போட்டுப் பழகணும். கிளினிக் கிளினிக்கா போயி 'டாக்டர், பல்லு இருக்கா?'ன்னு கேப்போம். பிச்சை எடுக்கற மாதிரிதான். நல்ல கடைவாய்ப் பல்லு கெடச்சா அன்னிக்குத் தீபாவளி."

ஏரோட்டர் என்கிற அந்த ட்ரில் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். மனிதத் தலை மாதிரியான பொம்மையின் வாயில் முதலில் பழக்கம். பிறகுதான் உயிருள்ள வாய். கண்ணாடியில் தெரியும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் நரம்பைத் தொட்டுவிடும். கழுத்தும் இடுப்பும் வலிக்காத பல் டாக்டரைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். படிப்பு சுலபமா என்று கேட்டேன். சிரித்தாள். முதல் வருஷம் எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் படிக்கும் உடற்கூறும் உடலியங்கியலும் உண்டு, மூன்றாம் வருஷம் பொது மருத்துவம், பொது அறுவை சிகிச்சை உண்டு, கடைசி வருஷம் எட்டு பேப்பர். "பல்லு மட்டும் படிச்சா போதும்னு நெனச்சு வந்தவங்க மொத இன்டர்னல்லயே அழுதுட்டாங்க."

பாப்பா இதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. டப்பாவிலிருந்த செதுக்கு கத்தியை எடுத்து, மீந்து கிடந்த ஒரு மெழுகுக் கட்டியைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள். நாங்கள் காபி குடித்தோம், கரன்ட் போய் வந்தது, அவள் நிமிரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நீட்டினாள்.

"முன்பல்லா இது? சோப்பு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள் பெரியவள். "மொத வாரம் எல்லாருக்கும் சோப்புதான் வரும்."

பாப்பா அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

சம்பாத்தியம் பற்றி

அத்தானுக்கு மெழுகுப் பல்லில் அக்கறை இல்லை. "படிச்சு முடிச்சா என்ன வரும்?" அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். மறைக்காமல் சொல்கிறேன்: படித்து முடித்த கையோடு ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேரும் பி.டி.எஸ்.காரருக்குக் கிடைக்கும் சம்பளம், அவர் அப்பா கட்டிய கட்டணத்தை நினைத்தால் வயிறு எரியும் அளவில்தான் இருக்கிறது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எப்போதாவது அறிவிப்பு விடும். இடங்கள் சொற்பம், விண்ணப்பங்கள் ஏராளம். சொந்தமாகக் கிளினிக் போட வேண்டும் என்றால் சேர், கம்ப்ரஸர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ், அட்வான்ஸ் வாடகை என்று முதல் போட வேண்டும். பேர் வாங்கச் சில வருஷம் ஆகும். எம்.டி.எஸ். என்றால் மேலும் மூன்று வருஷம், அதற்கும் ஒரு நீட்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நைட் டியூட்டி என்பது அநேகமாக இல்லை. வேலை நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். நாற்பது வயதில் தன் பெயரில் ஒரு போர்டு, தன் ஊரிலேயே. ஊர்ப்பக்கம் நல்ல பேர் எடுத்த பல் டாக்டர் வாசலில் காத்திருக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். எம்.பி.பி.எஸ். முடித்தவர் நிலைமை மட்டும் என்ன? வெறும் எம்.பி.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு போர்டு மாட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்களும் ஐந்தரை வருஷம் முடித்த கையோடு பி.ஜி. நீட்டுக்கு உட்காருகிறார்கள், அங்கேயும் ரிப்பீட்டர்கள் உண்டு.

வயசைக் கூட்டிப் பாருங்கள். பதினெட்டில் பி.டி.எஸ். சேர்ந்தால் இருபத்து மூன்றில் கையில் பட்டம். ஒரு வருஷம் விட்டு எம்.பி.பி.எஸ். கிடைத்தால் இருபத்து நாலரை. ஒன்றரை வருஷ வித்தியாசத்துக்காக யாரும் மருத்துவக் கனவைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு வருஷம் பெரிய நஷ்டமே கிடையாது. இரண்டாவது, மூன்றாவது வருஷம்தான் பிள்ளையைத் தின்னும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகள் விஷயம் வேறு. 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பல் மருத்துவத்துக்கும் உண்டு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அப்படிக் கிடைக்கும் பி.டி.எஸ். இடத்தை, கோச்சிங்குக்குக் கடன் வாங்கி ஒரு வருஷம் எழுதிப் பார்க்கலாம் என்று விடுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் விடவே கூடாது.

எப்போது விடலாம்

புதன்கிழமை ராத்திரி பாப்பாவின் ஒரு வருஷ மாதிரித் தேர்வுத் தாள்களைத் தரையில் பரப்பினோம். உயிரியல் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. வேதியியல் மேலும் கீழுமாக. இயற்பியல் 180-க்கு, நவம்பரில் எங்கே நின்றதோ ஏப்ரலிலும் அங்கேயேதான் நின்றது. ஆறு மாசத்தில் மூன்று மார்க் அசைந்திருந்தது.

என் அபிப்பிராயம் இதுதான். கடைசி ஐந்தாறு தேர்வுகளில் மார்க் ஏறுமுகமாக இருந்து, பரீட்சைக்கு முன் நாள் போதாமல் போயிருந்தால், அல்லது அம்மை, சாவு வீடு என்று காரணம் சொல்லும்படி ஒரு வருஷம் நாசமாகியிருந்தால், இன்னொரு வருஷம் எழுதலாம். தைரியமாக எழுதலாம். ஆறு மாசமாக நகராத மார்க், கோச்சிங் சென்டரை மாற்றினால் நகர்ந்துவிடும் என்று நம்பினால், அது காசைக் கொடுத்து நம்பிக்கை வாங்குவது. அதோடு, மறுபடி எழுதுவேன் என்று சொல்ல வேண்டியது பிள்ளை. அப்பா சொல்லி எழுதுகிற இரண்டாவது நீட், முதல் நீட்டைவிட மோசமாகத்தான் முடியும்.

ஒரேயடியாகக் கூடாது என்று சொல்லும் வழி ஒன்றும் இருக்கிறது. பி.டி.எஸ்.ஸில் சேர்ந்துகொண்டே கள்ளத்தனமாக நீட்டுக்கும் படிப்பது. பகலில் உடற்கூறு வகுப்பு, மெழுகு செதுக்கல். ராத்திரி இயற்பியல் கணக்கு. இரண்டும் ஊற்றிக்கொள்ளும். சேர்ந்த பிறகு பாதியில் விட்டால் தண்டத்தொகை உண்டு, லட்சத்தில். அடுத்த கலந்தாய்வில் கலந்துகொள்ள நிபந்தனைகளும் உண்டு. அந்தந்த வருஷத் தகவல் தொகுப்பேட்டில் அச்சடித்துத்தான் இருக்கிறது. பக்கம் அதிகம் என்று யாரும் படிப்பதில்லை.

மத்தியக் குழு நடத்தும் அகில இந்திய ஒதுக்கீட்டுக் கலந்தாய்வில் இன்னும் கறார். முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டால் நஷ்டமில்லை. இரண்டாவது சுற்றில் விட்டால் கட்டின வைப்புத்தொகை போச்சு. மிச்சம் மீதி இடங்களுக்கான கடைசிச் சுற்றில் இடம் ஒதுக்கிச் சேராமல் போனால் வைப்புத்தொகையோடு அடுத்த நீட் எழுதும் தகுதியும் போய்விடும். இன்னொரு வருஷம் எழுதுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்ட பிள்ளை, "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று அந்தக் கடைசிச் சுற்றில் கை வைத்தால், எந்த வருஷத்துக்காகச் சீட்டை விட நினைத்ததோ அந்த வருஷத்தையே இழக்கும். நிகர்நிலைக் கல்லூரிகளுக்கும் கலந்தாய்வு நடத்துவது அதே மத்தியக் குழுதான் என்பதால் விதிகளைப் படித்துவிட்டு லாக் செய்யுங்கள்.

மே மாசத்து ஞாயிற்றுக்கிழமை

நாங்கள் செய்த பெரிய தப்பு, செவ்வாய்க்கிழமை பேச ஆரம்பித்தது. ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு வீட்டில் யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது. பாதிப் பேருக்குச் சீட் கிடைத்த சந்தோஷம், பாதிப் பேருக்கு எம்.பி.பி.எஸ். போன துக்கம். நடுவில் டி.டி. எடுக்கும் அவசரம்.

பேச வேண்டிய நாள், நீட் முடிந்து உத்தேச விடைகளை வைத்து மார்க் போட்டுப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ரிசல்ட்டுக்கு ஒரு மாசம் இருக்கும். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: அரசு பி.டி.எஸ். வந்தால் என்ன, சுயநிதியில் அரசு ஒதுக்கீடு வந்தால் என்ன, ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து நம்மால் எவ்வளவு கட்ட முடியும், அதற்கு மேல் கேட்டால் என்ன. அந்த ஒரு மாசத்தில் தெரிந்த பல் டாக்டர் கிளினிக்கில் பிள்ளையை இரண்டு நாள் நிற்க வைக்கலாம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் வாங்கி முடித்துவிடலாம். அப்புறம் செவ்வாய்க்கிழமை என்ன வந்தாலும் தாளை எடுத்துப் பார்த்தால் போதும்.

எங்களிடம் அந்தத் தாள் இல்லை. வியாழக்கிழமை ராத்திரி அத்தான் கடைசியாக ஒருமுறை, "ஏம்மா, நீயே சொல்லு" என்றார். மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. பாப்பா, "பிசிக்ஸை இனிமே என்னால பாக்க முடியாதுப்பா. எனக்கு இதுவே போதும்னு தோணுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போதும்னு இல்ல. புடிச்சிருக்கு" என்றாள். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்த்தோம்.

இப்போது முதல் வருஷம் பாதி முடிந்திருக்கிறது. முதல் இன்டர்னலில் உடற்கூறு போய்விட்டது, அடுத்ததில் எடுத்துவிட்டாள். அத்தான் இன்னமும் கல்யாண வீடுகளில் "டாக்டருக்குப் படிக்கிறா" என்று மட்டும்தான் சொல்கிறார், என்ன டாக்டர் என்று சொல்வதில்லை. போன வாரம் அவளே எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, உங்க பத்திரிகையில எழுதுவீங்கல்ல, ஒண்ணு போடுங்க. அடுத்த வருஷத்துக்கு இப்பவே சேக்கச் சொல்லியிருக்காங்க. முன்பல்லு நெறைய கெடைக்குது, கடைவாய்ப் பல்லுதான் கஷ்டமா இருக்கு. ஒடயாம முழுசா வேணும்."

திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துப் பல் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், பிடுங்கிய பற்களைக் குப்பையில் போடாமல் மருந்தில் போட்டு எடுத்து வையுங்கள். சின்னப் பெண் ஒருத்தி பாட்டிலோடு வந்து நிற்பாள்.